மழை பிடித்ததும் பழையபடி வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகிறான்: மூன்றரை மாத நாய்க்குட்டி, என்ன செய்வது?

நண்டுவலை வீடு (தங்கச்சிமடம்):

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரவு 11 மணி, இன்றைக்கு ஐந்தாவது தடவையாகத் தரையைத் துடைத்துவிட்டு, கையில் பினாயில் நாற்றம் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆவணி கடைசியில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய வள்ளத்துக்கு அடியில், யாருக்கும் வேண்டாத கிழிந்த வலைக் குவியலில் ஒரு நாட்டு நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. தாயை ஏதோ வண்டி அடித்துவிட்டது. குட்டிகளை ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிப் போனார்கள், மிஞ்சிய ஒன்றை என் பிள்ளைகள் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது ஒன்றரை மாதம் இருக்கும். பெயர் பிளாக்கி. நிறம் பழுப்பு. சின்னவன் வைத்த பெயர், அவனிடம் வாதாட முடியாது.

முதல் இரண்டு வாரம் சொல்லவே வேண்டாம். அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிக் கொடுத்தபடி, தூங்கி எழுந்தால் உடனே, சாப்பிட்டால் பத்து நிமிடத்தில், விளையாடி முடித்தால் உடனே என்று தூக்கிக்கொண்டுபோய் முருங்கை மரத்தடி மணலில் விட்டு "போ பிளாக்கி, போ" என்று சொல்லிப் பழக்கினேன். புரட்டாசி முடிவதற்குள் பிடித்துக்கொண்டான். 12 நாள் தொடர்ந்து வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன், அதுதான் கண் பட்டுவிட்டது போல.

ஐப்பசி மழை வந்தது, எல்லாம் போச்சு. முதல் நாள் வாசல்படியில் நின்று முன்னங்கால் ஒன்றைத் தூக்கி ஈர மணலைத் தொட்டுப் பார்த்தான், நெருப்பைத் தொட்டதுபோல் இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டான். நேரே போய் வராந்தாவில் அள்ளி வைத்திருந்த நண்டு வலை மேல் மூத்திரம் போய்விட்டான். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் நண்டு வலை போடுகிறவர், வலை வீட்டுக்குத்தான் வரும், நண்டு கழற்றுவது நானும் அத்தையும்தான். அவர் சிரித்துவிட்டு "கடலில் போட்டால் கழுவிக்கொண்டு போகும்" என்றார். அத்தை சிரிக்கவில்லை. வலையை நாய் நனைத்தால் அன்றைக்கு மீன்பாடு இருக்காது என்று பிடித்துக்கொண்டார். அந்த வாரம் பார்த்தா நண்டும் குறைய வேண்டும்!

மூன்றாவது நாளும் வலை மேலேயே போனான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, விளக்குமாற்றால் ஓர் அடி போட்டுவிட்டேன். ஒரே அடிதான். கத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனவன் சாயங்காலம் வரை வரவில்லை.

அதிலிருந்து வலைப் பக்கம் குறைந்திருக்கிறது. ஆனால் வேறு மாதிரி ஆகிவிட்டது. மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அவனோடு 20 நிமிடம் நிற்கிறேன். மோந்து பார்க்கிறான், என் முகத்தைப் பார்க்கிறான், வாலை ஆட்டுகிறான், ஒன்றும் போவதில்லை. சரி என்று உள்ளே கூட்டி வந்து தலையைத் துவட்டித் திரும்புவதற்குள் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் முடித்துவிடுகிறான். பீரோவுக்குப் பின்னாலும் இதே கதை. இன்னொன்று, காலையில் கடலிலிருந்து அவர் வந்ததும் ஓடிப்போய் அவர் கால் மேலேயே போகிறான்.

பினாயில் ஊற்றித்தான் கழுவுகிறேன். சாப்பாடு நாங்கள் சாப்பிடுவதுதான், சோறும் மீன் குழம்பும், சில நாள் கருவாட்டுத் தலை. திரும்பக் கரையிலேயே விட்டுவிடு என்று அத்தை தினமும் சொல்கிறார். பழகியது எப்படி மறந்து போகும்? மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பனங்காட்டான் (சாயல்குடி):

நாயை வீட்டுக்குள் விட்டதே தப்பு. எங்கள் அப்பா காலத்திலிருந்து எங்கள் நாய் எதுவும் வாசல்படி தாண்டியதில்லை, ஆட்டுப் பட்டியில் கிடக்கும், கூப்பிட்டால் வரும். இவனையும் வெளியே கட்டிப் போடுங்கள். உள்ளே போனால் மூக்கைப் பிடித்து அதில் ஒரு தேய் தேய்த்து விடுங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும். ஓர் அடி அடித்ததற்கெல்லாம் வெட்கப்பட்டால் நாய் வளர்க்க முடியாது.

மேட்டுத்தெரு அக்கா (மண்டபம்):

சாயல்குடி அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, மூக்கைத் தேய்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

தங்கச்சிமடத்துத் தங்கச்சி, நீங்கள் மழையைக் குற்றம் சொல்கிறீர்கள். முதல் மூன்று நாளைக்கு அது சரி. அதற்கப்புறம் நடந்ததற்கு மழை காரணமில்லை. மழை பிடிக்காத குட்டி வெளியே வரவே வராது, வந்தால் சட்டென்று முடித்துவிட்டு உள்ளே ஓடும். உங்கள் பிளாக்கி 20 நிமிடம் நனைந்துகொண்டு நிற்கிறான், உங்கள் முகத்தைப் பார்க்கிறான், உள்ளே வந்து நீங்கள் திரும்பியதும் மறைவில் போகிறான். அத்தனை நேரமும் அவன் அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறான் தங்கச்சி. நீங்கள் பார்க்கிறீர்கள் என்பதால்.

விளக்குமாறு அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தது என்று அவன் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் போகாதே என்றா? உள்ளே வெளியே என்பதெல்லாம் அந்த வயதில் அவனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இந்த அம்மா கண்ணெதிரே போனால் அடி விழும், அதுதான் அவனுக்குப் புரிந்தது. முருங்கை மரத்தடியில் குடையோடு நிற்பதும் அதே அம்மாதானே. பழகியதை அவன் மறக்கவில்லை, அதற்கு மேல் இன்னொன்றையும் படித்துவிட்டான், இரண்டும் முட்டுகின்றன.

எனக்கு எப்படித் தெரியும் என்றால் நானும் அடித்தவள்தான். எங்கள் முதல் நாய் இரண்டு மாதம் தையல் மிஷினுக்குப் பின்னால் போனது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, மிஷினை நகர்த்திய அன்றைக்குத்தான் பார்த்தோம், கீழே சிமெண்டே நிறம் மாறிவிட்டிருந்தது. இப்போது இருப்பது நான்காவது நாய், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

இதைச் செய்து பாருங்கள். 10 முழம் மெல்லிய கயிறு ஒன்றைக் கழுத்துப் பட்டையில் கட்டுங்கள். வெளியே போனதும் நீங்கள் அவனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், "போ போ" என்று நச்சரிக்காதீர்கள், அந்தச் சொல்லைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். கயிறு நீளமாக இருந்தால் அவனுக்கு ஒரு மறைவு கிடைத்த மாதிரி. போய் முடித்தபின், முடித்தபின் என்பதைக் கவனியுங்கள், பாதியில் பேசினால் பாதியிலேயே நிறுத்திவிடுவான், திரும்பி மெதுவாக "நல்ல பையன்" என்று சொல்லி அந்த இடத்திலேயே ஒரு துண்டு நெத்திலி கொடுங்கள். உப்பு போடாமல் அவித்த நெத்திலி. இரண்டு மூன்று விநாடிக்குள் கொடுக்க வேண்டும். உள்ளே வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குத்தான் கூலி என்று நினைப்பான்.

வெளியே நின்றும் போகவில்லை என்றால் உள்ளே கூட்டி வந்து அவிழ்த்து விடாதீர்கள். அந்தக் கயிற்றை உங்கள் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு வேலையைப் பாருங்கள், சோறு வடியுங்கள், நண்டு கழற்றுங்கள், எதுவும் செய்யுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி வெளியே. இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ போய்த்தான் ஆக வேண்டும். டிரம்முக்குப் பின்னால் போக வழியில்லாமல் செய்வதுதான் இதில் பாதி வேலை. போனதைப் பார்த்துவிட்டால்கூடக் கத்தாமல் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள். போய் முடித்ததைப் பின்னால் பார்த்தீர்களா, துடைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

வலை விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்குச் சுவையாக இருந்தது. குட்டிகள் தாயோடு இருக்கும் நாளில் காலுக்கு அடியில் எது இருந்ததோ அதுதான் ஒதுங்கும் இடம் என்று மனதில் பதித்துக்கொள்ளும். மணலில் வளர்ந்தது மணல் தேடும், பேப்பரில் வளர்ந்தது பேப்பர் தேடும். உங்கள் பையன் பிறந்ததே கிழிந்த வலையில். நனையாத இடத்தில் காலுக்குப் பழகிய ஒன்று கிடக்கிறது, அவன் வேறு எங்கே போவான்? அத்தையிடம் இதைச் சொல்லுங்கள், வலை மேல் அவனுக்கு ஒரு விரோதமும் இல்லை.

அதையே உங்கள் வேலைக்குப் பயன்படுத்துங்கள். முருங்கைக்கும் வேலிக்கும் நடுவில் நாலு சவுக்குக் கம்பு நட்டு ஒரு தார்பாயைக் கட்டுங்கள், பெரிதாக வேண்டாம், கட்டில் அளவு போதும். மழை விட்ட வெயிலில் காய்ந்த மணலை நாலு சாக்கு அள்ளி அதன் கீழே கொட்டுங்கள். மேலே அவன் முன்னால் போன இடத்து மண் ஒரு கை தூவுங்கள். அதன் மேல் உதவாத பழைய வலைத் துண்டு ஒன்றைப் பாதி புதைத்து வையுங்கள், கால் சிக்காத அளவுக்குச் சின்னதாக வெட்டி. பத்து நாளைக்கு அவன் வலை மேலேயே போகட்டும், அங்கே. அப்புறம் வாரத்துக்குக் கொஞ்சமாக வெட்டிக் குறையுங்கள், மணல் மட்டும் மிஞ்சும். நல்ல வலையை மட்டும் அவன் எட்டாத உயரத்தில் கொடியில் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மருந்தகத்துப் பழையவர் (ராமநாதபுரம்):

மேட்டுத்தெரு அக்கா சொன்னதில் எனக்கு ஒரு திருத்தமும் இல்லை. நான் கால்நடை ஆய்வாளராக 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், உடம்பு சம்பந்தமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உப்பு. கருவாட்டுத் தலையை உடனே நிறுத்துங்கள் அம்மா. நம் வீட்டுக் குழம்பு உப்பே குட்டிக்கு அதிகம், கருவாடு அதற்கு மேல். உப்பு தின்றால் தண்ணீர் குடிக்கும், குடித்தது வெளியே வந்தாக வேண்டும், ராத்திரி நீங்கள் எழுந்து துடைக்கிற பாதி அந்தக் கருவாடுதான். குழம்பில் போடுகிற வெங்காயமும் நாய்க்கு ஆகாது. சோற்றோடு உப்பில்லாமல் அவித்த மீன் முள் எடுத்தது, முட்டை, இது போதும். இந்த வயதில் ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளை தவறாமல். உள்ளே போவது நேரத்துக்குப் போனால் வெளியே வருவதும் ஏறக்குறைய நேரத்துக்கு வரும். தண்ணீரைப் பகலில் மறைத்து வைக்காதீர்கள், நம் ஊர் வெக்கைக்கு அது ஆபத்து. உங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிக்க வாங்குகிற குடத்து நல்ல தண்ணீரிலேயே அவனுக்கும் ஒரு செம்பு ஊற்றி வையுங்கள்.

அடுத்து, எவ்வளவு நேரம் அடக்குவான் என்பது. தோராயக் கணக்கு, எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம். மூன்றரை மாதத்துக்கு நாலு, நாலரை மணி நேரம், அதுவும் படுத்துக் கிடந்தால்தான். ஓடி விளையாடும்போது முக்கால் மணிக்கு ஒரு தடவைகூடப் போவான். இரவு 10 மணிக்கு விட்டால் காலை 6 வரை தாங்குவான் என்று எதிர்பார்க்காதீர்கள், முடியாது, அவன் மூத்திரப் பை அவ்வளவுதான். உங்கள் வீட்டில் ஒரு வசதி இருக்கிறது: வீட்டுக்காரர் விடிவதற்கு முன்னே கிளம்புவார் அல்லவா, அந்த நேரத்தில் அவரோடு இவனையும் வெளியே விடுங்கள். ஊரெல்லாம் அலாரம் வைத்து எழுந்து செய்கிற வேலை, உங்களுக்குத் தானாக அமைந்திருக்கிறது.

மூன்றாவது, பினாயில். அது நம் மூக்குக்குத்தான் சுத்தம். சிமெண்ட் தரை மூத்திரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பினாயில் வாசத்துக்கு அடியில் பழைய வாசனை அவனுக்குத் தெளிவாகத் தெரியும், இதுதான் நம் இடம் என்று மறுபடி அங்கேயே வருவான். பழந்துணியால் முதலில் ஒற்றி எடுத்துவிடுங்கள், அப்புறம் என்சைம் கலந்த துணி துவைக்கும் பவுடரை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள், காய்ந்தபின் சோடா உப்பு தூவி மறுநாள் பெருக்கி எடுங்கள். டிரம், பீரோ இரண்டையும் நகர்த்திவிட்டுச் செய்யுங்கள். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் நேராகக் கொட்டாதீர்கள், கிளம்பும் நெடி உங்களுக்கும் கெடுதல், பிள்ளைகளுக்கும் கெடுதல். அதை வினிகரோடு கலப்பது அதைவிட மோசம்.

நான்காவது, வீட்டுக்காரர் காலில் போவது. அது பழக்கக் கேடு இல்லை, சந்தோஷத்திலும் பணிவிலும் தானாகக் கசிவது. அதற்குத் திட்டினால் இன்னும் பணிவான், இன்னும் கசியும். அவர் வந்ததும் குனிந்து கொஞ்சாமல், நேராகப் பார்க்காமல், வாசலுக்கு வெளியிலேயே இரண்டு நிமிடம் தன் வேலையைப் பார்க்கட்டும். குட்டி அடங்கியபின் உட்கார்ந்து மார்புப் பக்கமாகத் தடவட்டும், தலைக்கு மேலே கை கொண்டுபோக வேண்டாம். பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதுக்குள் இது போய்விடும்.

இத்தனையும் செய்து, சொட்டுச் சொட்டாக அடிக்கடி போகிறான், முக்குகிறான், மூத்திரத்தில் ரத்தம் தெரிகிறது, தூக்கத்திலேயே நனைக்கிறான் என்றால் பழக்குவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள், நீர்த்தாரையில் தொற்று இருக்கலாம். காலை முதல் மூத்திரத்தைச் சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப்போனால் நல்லது. (பிடிப்பது எப்படி என்று கேட்காதீர்கள், நீளக் கம்பியில் கரண்டி கட்டி நான் படாத பாடு பட்டிருக்கிறேன்.)

கடைசியாகத் தடுப்பூசி. நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பார்வோவுக்கும் (குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோய்) மற்றவற்றுக்குமான ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். போடவில்லை என்றால் நாளைக்கே போய் ஆரம்பியுங்கள். அது முடியும் வரை கரைக்கு, தெருவுக்குக் கூட்டிப் போகாதீர்கள், உங்கள் வேலிக்குள்ளே மட்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மழைக் குட்டைத் தண்ணீரையும் நக்கவிடாதீர்கள், எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வரும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பேத்தை மீனை ஒரு நாய் கடித்துத் தின்று கால்கள் இழுத்துக்கொண்டு வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்த மீனின் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் கடலோரத்தில் நாய் வளர்ப்பவர் யாரைப் பார்த்தாலும் சொல்லிவிடுவேன்.

தோப்புக்காரர் (தொண்டி):

பெரியவர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள். நான் ஒன்று மட்டும் சொல்ல வந்தேன், பயமுறுத்துவதற்கு இல்லை. எங்கள் நாய் ஐந்து மாதத்தில் பரிசுத்தமாகப் பழகிவிட்டது. எட்டாவது மாதம் ஒரு நாள் பின்னங்காலைத் தூக்க ஆரம்பித்தான் பாருங்கள், தென்னைமரம், மோட்டார் ரூம் கதவு, என் பைக், கடைசியில் கல்யாணத்துக்கு வந்த மாமாவின் பெட்டி. அது வயசுக் கோளாறு, இடம் குறிப்பது. அது தெரியாமல் வீட்டுப் பழக்கம் போய்விட்டது என்று நினைத்து நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். மறுபடி ஒரு மாதம் கயிறும் கையுமாகத் திரிந்தபின் அடங்கினான். உங்கள் பையனுக்கும் மாசி பங்குனி வாக்கில் வரும். இப்போதே தெரிந்து வைத்துக்கொண்டால் அன்றைக்கு விளக்குமாற்றைத் தேட மாட்டீர்கள்.

நண்டுவலை வீடு (தங்கச்சிமடம்):

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டுகிறான் என்று எழுதினேனே, விளையாடக் கூப்பிடுகிறான் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு நன்றாகக் கவனித்தேன், வால் கீழே தாழ்ந்து நுனி மட்டும் ஆடுகிறது.

ஊசி போடவில்லை ஐயா, உண்மைதான். நாளைக்குப் போகிறோம். தார்பாய் ஒன்று வீட்டில் இருக்கிறது, அவர் வந்ததும் கட்டச் சொல்கிறேன்.

பனங்காட்டான் (சாயல்குடி):

அடிக்க வேண்டாம் என்கிறீர்கள், சரி, நாலு நாய் வளர்த்தவர் சொல்கிறார், கேட்டுக்கொள்கிறேன், ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வாடைக்காற்றுக்குத் தார்பாய் நிற்காது, ஒரே ராத்திரியில் கிழிந்து கடலுக்குப் போய்விடும், படபடவென்று அடிக்கிற சத்தத்தில் குட்டி அந்தப் பக்கமே வராது. பனை ஓலை வேயுங்கள். தாழ்வாக, ஓர் ஆள் குனிந்து பார்க்கிற உயரத்தில். வடக்கும் கிழக்கும் ஓலையால் அடைத்துவிட்டுத் தெற்குப் பக்கம் மட்டும் திறந்து வையுங்கள். சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு மண் அணைத்தால் தண்ணீர் உள்ளே வராது. ஆட்டுக்குட்டிகளுக்கு நாங்கள் அப்படித்தான் போடுவோம்.

நண்டுவலை வீடு (தங்கச்சிமடம்):

11 நாள் கழித்து எழுதுகிறேன். ஊசி போட்டாயிற்று, அடுத்தது மூன்று வாரத்தில். அண்ணன் சொன்னபடி ஓலைக் கொட்டகைதான் போட்டோம், அவரும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு பகலில் முடித்தார்கள். உள்ளே சாக்கு மணலும் கிழிந்த வலைத் துண்டும். தெருவில் போகிறவர்கள் கோழிக்கூடா என்று கேட்கிறார்கள்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. முதுகைக் காட்டி நின்று நின்று வேலி ஓலையில் எத்தனை முடிச்சு என்று எண்ணியதுதான் மிச்சம். அவன் கயிற்றின் முனை வரை போவான், வலையை மோப்பம் பிடிப்பான், சுற்றுவான், நான் லேசாக மூச்சு விட்டால்கூட நிறுத்திவிட்டு என்னிடம் ஓடி வந்துவிடுவான். உள்ளே வந்தால் இடுப்பில் கயிறு. சமைக்கும்போது காலைச் சுற்றிக்கொண்டான், நான் ஒரு தடவை கஞ்சிப் பானையோடு விழப் பார்த்தேன். அத்தை பார்த்துவிட்டு "பிள்ளைத்தாய்ச்சிகூட இவ்வளவு சுமந்ததில்லை" என்றார்.

மூன்றாம் நாள் விடியற்காலை 3 மணி. அவர் கிளம்பிப் போய்விட்டார், கரண்ட் இல்லை, தூறல். டார்ச்சை அணைத்துவிட்டு நின்றேன். கயிறு இழுபட்டது, நின்றது. ஓலைக்கு அடியில் காய்ந்த மணலில் சொர்ரென்று ஒரு சத்தம், நீளமாக. அசையவே இல்லை நான். சத்தம் நின்று அவன் பின்னங்காலால் மணலைத் தள்ளுவது கேட்டபின்தான் திரும்பினேன். நெத்திலியைக் கொடுக்கும்போது என் கைதான் நடுங்கியது. ஒன்று போதும் என்று சொன்னீர்கள் அக்கா, நாலு கொடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரேயடியாகச் சரியாகவில்லை, மறைக்காமல் சொல்கிறேன். ஆறாம் நாள் காற்று கூடி பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினார்கள், மூன்று நாள் யாரும் கடலுக்குப் போகவில்லை. அவர் வீட்டில், பிள்ளைகளுக்கும் லீவு, எல்லோரும் எட்டு மணி வரை தூக்கம், குட்டியின் விடியற்காலை 3 மணி வேளை தவறிவிட்டது. அந்த மூன்று நாளில் மூன்று தடவை உள்ளே போனான். பழைய புத்தி எட்டிப் பார்த்தது, விளக்குமாறு மூலையில்தான் இருந்தது, அதைத் தொடவில்லை, ஆனால் அவரைப் பார்த்துக் கத்திவிட்டேன், அவர் என்ன செய்தார் பாவம். கவனித்தது ஒன்று: மூன்றில் இரண்டு தடவை என் கண்ணெதிரேயே, நடு வீட்டில் போனான். டிரம்மைத் தேடிப் போகவில்லை. அதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் துடைத்தேன். கடந்த இரண்டு நாளாக உள்ளே இல்லை. கருவாட்டை நிறுத்தியதில் ராத்திரி ஒரு தடவை எழுந்தால் போதும் என்று ஆகியிருக்கிறது.

இப்போது புதுத் தொல்லை. ஓலைக் கொட்டகையிலிருந்து நாலு காலிலும் மணலை அள்ளிக்கொண்டு வருகிறான், கட்டில் மேல், அடுப்படியில், எல்லாம் மணல். வாசலில் ஒரு பழைய சாக்கை நாலாக மடித்துப் போட்டுக் காலைத் துடைக்கலாம் என்று இருக்கிறேன். சரியா?

மேட்டுத்தெரு அக்கா (மண்டபம்):

கண்ணெதிரே போனான் என்று படித்ததும் கைதட்டினேன், நிஜமாக. சந்தோஷப்படுங்கள், அவனுக்கு உங்கள் மேல் இருந்த பயம் விட்டுக்கொண்டிருக்கிறது. காற்றடித்த மூன்று நாளை மறந்துவிடுங்கள், கடலுக்குப் போகாத நாளிலும் 3 மணிக்கு யாராவது ஒருத்தர் எழுந்துகொள்ளுங்கள், முறை வைத்துக்கொண்டு.

சாக்கு மட்டும் வேண்டாம் தங்கச்சி. மெத்தென்று, கொஞ்சம் ஈரமாக, வலை மாதிரி பின்னலோடு வாசலில் மழை படாத இடத்தில் ஒன்று கிடந்தால் அவன் என்ன நினைப்பான் என்று உங்களுக்கே தெரியும். சொரசொரப்பான தென்னை நார் மிதியடி போடுங்கள், அதையும் ராத்திரி தூக்கி வைத்துவிடுங்கள்.